ஜோடி விழுந்தால் யாருக்கு லாபம்?

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் அம்மன் கோயில் கொடை நடக்கும்போது, வில்லுப்பாட்டுப் பந்தலுக்குப் பின்னால், வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் தெரியும். சின்னப் பிள்ளைகள் அங்கே போகக்கூடாது என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்புவார்கள். நாங்கள் போவோம். தரையில் ஒரு ரெக்சின் துணி விரித்திருக்கும். அதில் ஆறு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம்: ஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர், ஒரு கிரீடம், ஒரு நங்கூரம். அதே ஆறு படங்களும் பொறித்த மூன்று கட்டைகளைத் தகர டப்பாவில் போட்டு ஒருத்தர் குலுக்குவார். "வை ராஜா வை, ஒண்ணு வச்சா ரெண்டு!" சுற்றி நிற்கிறவர்கள் தங்கள் படத்தில் காசு வைப்பார்கள். டப்பாவைக் கவிழ்த்துத் தூக்குவார். உங்கள் படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்த காசோடு ஒரு மடங்கு. இரண்டு கட்டையில் விழுந்தால் இரண்டு மடங்கு. மூன்றிலும் விழுந்தால் மூன்று மடங்கு. விழாவிட்டால் காசு அவருக்கு.

இதுதான் லங்கர் கட்டை. லங்கர் என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் நங்கூரம். பிரிட்டிஷ் கப்பல் மாலுமிகள் 'கிரௌன் அண்ட் ஆங்கர்' என்று ஆடிய ஆட்டத்திலும் இதே ஆறு படம், இதே மூன்று கட்டை. கிரீடமும் நங்கூரமும் வயல்காட்டு விரிப்பில் என்ன செய்கின்றன என்று அந்த வயதில் நான் யோசித்ததே இல்லை.

போன வருஷம் வண்ணாரப்பேட்டையில் ஒரு டீக்கடையில் அக்கா மகன் தன் போனை நீட்டினான். திரையில் பளபளவென்று ஒரு ரூலெட் சக்கரம். பின்னால் ஒரு பெண் நின்று சிரித்தபடி பந்தைச் சுண்டிவிடுகிறார். கீழே மணி ஓடுகிறது: பந்தயம் வைக்க இன்னும் 12 வினாடி, 11, 10. "மாமா, இதுல ஏமாத்தவே முடியாது. லைவ்ல பாத்துக்கிட்டேதான இருக்கோம்" என்றான்.

அவன் சொன்னது பெரும்பாலும் சரிதான். நேரலை மேசைகளை நடத்தும் பெரிய நிறுவனங்கள் உண்மையான சக்கரத்தைத்தான் சுற்றுகின்றன. அந்தத் தொழிலில் முன்னால் நிற்கும் எவல்யூஷன் நிறுவனத்துக்கு லாட்வியாவின் ரீகா நகரில் பெரிய ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. ஆள் இல்லாமல் கணினியே சீட்டுப் போடும் மேசைகளில் குலுக்குவது தற்செயல் எண் உருவாக்கும் மென்பொருள். அதைச் சோதித்துச் சான்று கொடுக்கத் தனி ஆய்வகங்கள் உண்டு. போலித் தளங்கள் ஏராளம், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் ஒழுங்காக நடக்கும் மேசையிலும் பணம் ஒரே பக்கமாகத்தான் நகர்கிறது. அதற்கு ஏமாற்று வேலை எதுவும் தேவையில்லை. எப்படி என்று கொடை விரிப்பிலேயே பார்த்துவிடலாம், அங்கே கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

ஆறு பேர் ஆறு கட்டத்திலும் ஆளுக்கு ஒரு ரூபாய் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கட்டையிலும் மூன்று வேறு படம் விழுந்தால் கடைக்காரர் தோற்ற மூன்று பேரிடம் மூன்று ரூபாயை எடுத்து ஜெயித்த மூன்று பேருக்குக் கொடுக்கிறார். அவருக்கு ஒன்றும் இல்லை, வெறும் கைமாற்று. இப்போது ஜோடி விழுகிறது: இரண்டு கட்டையில் கிரீடம், ஒன்றில் டைமன். கிரீடக்காரருக்கு இரண்டு ரூபாய், டைமன்காரருக்கு ஒன்று, மொத்தம் மூன்று. ஆனால் தோற்றவர்கள் நான்கு பேர். ஒரு ரூபாய் அவர் மடியில் தங்கிவிட்டது. மூன்றும் ஒரே படமாக விழுந்தால்? ஐந்து பேரிடம் எடுக்கிறார், ஒருவருக்கு மூன்று கொடுக்கிறார். இரண்டு ரூபாய் மிச்சம்.

ஜோடி விழும்போதுதான் கூட்டம் ஓவென்று கத்தும். "ரெண்டு மடங்குலே!" என்று ஜெயித்தவனின் முதுகில் தட்டுவார்கள். கடைக்காரர் சம்பாதிப்பதும் ஜோடியோ மூன்றும் ஒன்றோ விழும் அந்த நிமிடத்தில் மட்டும்தான். மூன்று கட்டை விழக்கூடிய 216 விதங்களில் 90இல் ஜோடி, 6இல் மூன்றும் ஒன்று. ஆக 216 தடவை உருட்டினால் அவருக்கு 90 ரூபாயும் 12 ரூபாயும் சேர்த்து 102 ரூபாய் எதிர்பார்க்கலாம். அத்தனை தடவையிலும் விரிப்புக்கு வந்த பந்தயம் 1,296 ரூபாய். நூற்றுக்கு 7.87. கட்டை நேர்மையானது, கையும் நேர்மையானது, ஆனாலும் இந்தத் தொகை வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கணக்கை நான் தெரிந்துகொண்டபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதன் பிறகு எந்த மேசையைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் எழும்: இங்கே ஜோடி எது? கூட்டம் கைதட்டுகிற, அல்லது யாரும் கவனிக்காத, அந்த ஒரு இடம் எங்கே இருக்கிறது?

ரூலெட்டில் அது பச்சை நிறத்தில் இருக்கிறது. ஐரோப்பியச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை, கூடவே ஒரு பச்சை 0. மொத்தம் 37 பள்ளம். ஓர் எண்ணில் வைத்து அது விழுந்தால் 35 மடங்கு. 37 எண்ணிலும் ஒரு ரூபாய் வையுங்கள், ஜெயித்த எண்ணுக்கு வைத்த ரூபாயோடு 36 திரும்பி வரும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ரூபாய் உள்ளேயே நின்றுவிடும். 37இல் ஒன்று, அதாவது நூற்றுக்கு 2.70. அமெரிக்கச் சக்கரத்தில் 00 என்று இன்னொரு பள்ளம் உண்டு, கொடுப்பது அதே 35 மடங்கு. அங்கே நூற்றுக்கு 5.26. ஒரே ஒரு பள்ளம் கூடினதற்கு வீட்டின் பங்கு, அதாவது ஆட்டத்தை நடத்துபவரின் பங்கு, ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிறது. ஆன்லைனில் இரண்டு சக்கரமும் பக்கத்துப் பக்கத்துப் படங்களாக இருக்கும். எது எது என்று அக்கா மகனிடம் கேட்டேன், அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

ஒற்றை பூஜ்யச் சக்கரத்தைப் பிரபலப்படுத்தியவர்கள் பிரான்சுவா, லூயி பிளாங்க் என்ற சகோதரர்கள். 1843இல் ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் நகரில் அதை வைத்துக் கடை நடத்தினார்கள். மற்றவர்கள் இரண்டு பூஜ்யம் வைத்திருந்தபோது இவர்கள் ஒன்றைக் குறைத்தார்கள். ஆட்கள் குவிந்தார்கள். பங்கு சிறியதானால் ஆடுபவர் அதிக நேரம் உட்காருவார், அதிகப் பந்தயம் உருளும். இன்றைய ஆன்லைன் மேசைகள் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்தவை.

இப்போது வந்திருக்கும் லைட்னிங் ரூலெட்டைப் பாருங்கள். மின்னல் வெட்டி சில எண்களுக்கு 50 மடங்கிலிருந்து 500 மடங்கு வரை என்று அறிவிப்பார்கள். அக்கா மகனுக்கு அதுதான் பிடித்த மேசை. 500 மடங்குக்கு எங்கிருந்து பணம் வருகிறது? மின்னல் படாத எண் விழுந்தால் அங்கே 35 மடங்கு கிடையாது, 29 மடங்குதான். சாதாரணமாக ஜெயிக்கும் ஒவ்வொருவரிடமும் ஆறு மடங்கைக் கழித்துக்கொண்டு, அந்தப் பணத்தைக் குவித்து எப்போதாவது ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். கூட்டம் பார்ப்பது அந்த ஒருவரை மட்டும்.

பிளாக்ஜாக்கில் ஜோடி இன்னும் ஆழமாகப் புதைந்திருக்கிறது. சீட்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல், சீட்டுப் போடும் டீலரை விட அதிகம் எடுக்க வேண்டும், இவ்வளவுதான் ஆட்டம். டீலர் 17 வரும் வரை சீட்டு எடுத்தே தீர வேண்டும், அவருக்கு யோசனைக்கே இடமில்லை. அப்படியானால் யோசிக்கும் உரிமை உள்ள நமக்குத்தானே சாதகம்? இல்லை, ஏனென்றால் முதலில் எடுப்பது நாம். நாம் 21ஐத் தாண்டினால் காசு அப்போதே போய்விடும். பிறகு டீலரும் தாண்டினாலும் அது திரும்பி வராது. டீலர் 100 கைக்குச் சுமார் 28இல் தாண்டுகிறார். நாமும் அவரைப் போலவே ஆடினால் ஏறத்தாழ 8 கைகளில் இருவரும் தாண்டியிருப்போம். நியாயமாகப் பார்த்தால் சமன். அந்தச் சமன்கள் எல்லாம் வீட்டுக்குப் போகின்றன.

ஆனால் இந்த ஆட்டத்தில் ஆடுபவரின் முடிவுக்கு மதிப்பு உண்டு. எந்தக் கைக்கு எடுப்பது, எதற்கு நிற்பது என்று கணக்குப் போட்டு 1956இலேயே அமெரிக்காவில் நான்கு பேர் ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். அந்த அட்டவணைப்படி தவறாமல் ஆடினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் வீட்டின் பங்கு நூற்றுக்கு அரை அளவுக்கு இறங்கும். 1962இல் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர், போன சீட்டுகளை மனதில் எண்ணிவந்தால் சில நேரம் ஆடுபவர் பக்கமே சாதகம் சாயும் என்று காட்டினார். அந்த வழி ஆன்லைனில் அடைபட்டுவிட்டது. கணினி மேசையில் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைகிறது, எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது. நேரலை மேசையிலும் கட்டில் பெரும்பகுதி மிச்சம் இருக்கும்போதே கலைத்துவிடுவார்கள்.

இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 100 ரூபாய்க்கு 150 கொடுப்பது பழைய வழக்கம். இப்போது பல மேசைகளில் 6:5 என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும், 120தான் கிடைக்கும். இந்தக் கை சுமார் 21 தடவைக்கு ஒரு தடவை வரும். அந்த 30 ரூபாய்க் குறைப்பு மட்டுமே வீட்டின் பங்கை நூற்றுக்கு 1.4 அளவுக்கு ஏற்றிவிடுகிறது, அரையாக இருந்தது ஏறத்தாழ இரண்டாகிறது. ஆட்டத்திலேயே சந்தோஷமான கை இதுதான். வெட்டு விழுந்ததும் அதில்தான்.

பக்காராவில் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பேங்கர், பிளேயர் என்று இரண்டு சீட்டுக் கைகளில் எது ஜெயிக்கும் என்று கட்டுவது. வீட்டின் பங்கு நூற்றுக்கு பேங்கர் பக்கம் 1.06, பிளேயர் பக்கம் 1.24. சமன் என்று கட்டினால் 8 மடங்கு தருகிறார்கள், அதில் நூற்றுக்கு 14க்கு மேல் அவர்களுக்கு.

நம் ஆட்கள் அதிகம் உட்காருவது அந்தர் பாகர் மேசையில். நமக்கு அது உள்ளே வெளியே, மங்காத்தா. கல்யாண வீட்டு மாடியிலும் தேரோட்டத்துக்கு முந்தைய இரவிலும் பார்த்த ஆட்டம், அதனால் பழகிய முகம் போலத் தோன்றுகிறது. நடுவில் ஒரு சீட்டைத் திருப்பி வைத்து, உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று போட்டுக்கொண்டே போவார்கள். அதே எண் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். சரிபாதி என்று தோன்றும். இல்லை. முதல் சீட்டு விழும் பக்கத்துக்கு எப்போதும் ஒரு சீட்டு முந்துதல் உண்டு, அந்தப் பக்கம் 100க்கு 51.5 தடவை ஜெயிக்கும். ஊரில் சரிக்குச் சரி கொடுத்து ஆடும்போது இதைக் கவனித்த ஒருத்தர் சத்தமில்லாமல் முதல் பக்கத்திலேயே கட்டிக்கொண்டிருக்கலாம். பல இணைய மேசைகளில் முதல் பக்கத்துக்கு 100க்கு 90தான் கொடுக்கிறார்கள், அடுத்த பக்கத்துக்கு முழு 100. இப்போது முதல் பக்கத்தில் கட்டினால் நூற்றுக்கு 2.15 போகும், அடுத்த பக்கத்தில் கட்டினால் 3. நமக்கிருந்த சின்ன ஓட்டையையும் கண்டுபிடித்து அடைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த மேசை மேல்தான் கோபம் அதிகம், ஏனென்றால் இதில் உட்காருகிறவர் சூதாடுவதாகவே நினைப்பதில்லை.

நூற்றுக்கு 2.70தானே, நூற்றுக்கு மூன்றுதானே, கொடை விரிப்பில் போன 7.87ஐ விடக் குறைவுதானே என்று கேட்கலாம். அக்கா மகனும் கேட்டான். "97.3 சதவீதம் திரும்பக் குடுக்கான் மாமா. 1,000 ரூபா போட்டா 973 வந்துரும்." இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அந்தப் பங்கு கொண்டுவந்த பணத்துக்குக் கணக்கிடப்படுவதில்லை, உருட்டிய பணத்துக்குக் கணக்கிடப்படுகிறது. 1,000 ரூபாயோடு உட்கார்ந்து 100 ரூபாய் வீதம் வைக்கிறீர்கள். ஜெயிப்பதையும் திரும்ப வைக்கிறீர்கள். ஆயிரம் சுற்று ஓடினால் உருண்ட பணம் ஒரு லட்சம். அதில் 2.70 என்றால் 2,700 ரூபாய். கையில் இருந்ததே ஆயிரம்தான். ஆக அத்தனை சுற்று போவதற்குள் பெரும்பாலும் பை காலியாகியிருக்கும், அல்லது இடையில் திரும்பவும் பணம் போட்டிருப்பீர்கள்.

ஆயிரம் சுற்று எவ்வளவு நேரம் பிடிக்கும்? நேரலைச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால் மணிக்கு 60, சுற்றுக்கு 100 ரூபாய் வீதம் சராசரியாக 162 ரூபாய் கரையும். கணினிச் சக்கரத்தை 10 வினாடிக்கு ஒரு தடவை தட்டலாம், மணிக்கு 360 சுற்று, 972 ரூபாய். விகிதம் ஒன்றுதான், வேகம்தான் வேறு. கொடை விரிப்பில் டப்பா குலுக்க நேரம் பிடிக்கும், சில்லறை மாற்ற நேரம் பிடிக்கும், நடுவில் சாமக்கொடைக்கு மேளம் மாறினால் ஆட்கள் எழுந்து போவார்கள். விடிந்தால் துணியைச் சுருட்டிவிடுவார். அடுத்த கொடை அடுத்த வருஷம். போனில் விடிவதே இல்லை. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றி முடித்துப் படுக்கும் வீட்டிலும் பாயில் படுத்தபடியே அந்தச் சக்கரம் சுற்றும். பக்கத்தில் தூங்குகிறவருக்குத் தெரியாது.

ரூலெட்டில் சிவப்பு, கறுப்பு என்று நிறத்தின் மேலும் கட்டலாம். தோற்கத் தோற்க இரட்டிப்பாக வை, ஒரு தடவை சிவப்பு வந்தால் எல்லாம் திரும்பிவிடும் என்று ஒரு யோசனை எல்லாருடைய போனுக்கும் வருகிறது. 10 ரூபாயில் ஆரம்பித்துத் தொடர்ந்து பத்து தடவை தோற்றால் அதுவரை போனது 10,230. பதினோராவது தடவை 10,240 வைக்க வேண்டும். அதில் ஜெயித்தால் நிகர லாபம் 10 ரூபாய். பத்து தடவை தொடர்ந்து தோற்பது சுமார் 780இல் ஒரு முறை நடக்கும். மணிக்கு 360 தட்டு தட்டுகிறவருக்கு அது அரிதல்ல. 1913 ஆகஸ்ட் 18 அன்று மாண்டே கார்லோவில் ஒரு சக்கரத்தில் தொடர்ந்து 26 தடவை கறுப்பு விழுந்தது. இனி சிவப்புதான் என்று கட்டிக் கட்டி அங்கே இருந்தவர்கள் பெரும்பணத்தை இழந்தார்கள். பந்துக்குப் போன சுற்று ஞாபகம் இருக்காது.

போனஸ் என்று தருவதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். 1,000 போட்டால் 1,000 இலவசம், ஆனால் போனஸைப் போல 30 மடங்கு ஆடிய பிறகே எடுக்கலாம் என்பார்கள். 30,000 உருட்ட வேண்டும். அதற்கும் கீழே, மேசை ஆட்டங்களில் வைக்கும் பந்தயத்தில் 10 சதவீதம்தான் கணக்கில் சேரும் என்று பல தளங்களில் இருக்கும். அப்படியானால் மூன்று லட்சம். அதில் 2.70 எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சட்டம். கோவாவில் கப்பலிலேயே கேசினோ இருக்கிறதே, அப்புறம் இது எப்படித் தப்பாகும் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். கோவாவின் அனுமதி கோவாவில் அந்தக் கப்பலுக்குள் செல்லும், திருநெல்வேலியில் இருக்கும் போனுக்குச் செல்லாது. தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2022 அக்டோபரில் பேரவையில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது, அவை திறமை ஆட்டங்கள் என்று. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967லேயே சொல்லியிருந்தது. இந்தத் தீர்ப்பைக் காட்டி ரூலெட்டும் சரிதான் என்று சொல்வது தவறு, அது முழுக்க அதிர்ஷ்டம், தடை அதன்மேல் அப்படியே நின்றது. ஆடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்பது மாநிலச் சட்டம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பிரிவையே விட்டுவிட்டது. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் எந்த இணைய ஆட்டத்தையும் நடத்தக்கூடாது. நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தாலும் தண்டனை உண்டு.

அப்படியானால் அந்த மேசைகள் எப்படித் திறந்திருக்கின்றன? பல தளங்களின் உரிமம் கரீபியக் கடலில் இருக்கும் குராசாவ் போன்ற தீவுகளில் இருக்கிறது. ஒரு முகவரியை முடக்கினால் ஒரு எழுத்தை மாற்றி இன்னொன்று. பணம் கட்டும் இடத்தில் நிறுவனத்தின் பெயர் வராது, யாரோ ஒரு தனி ஆளின் யூபிஐ வரும், நாளைக்கு வேறு ஒருவருடையது வரும். அவை பெரும்பாலும் வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்குகள். அந்தக் கணக்கு வேறொரு மோசடி வழக்கில் சிக்கினால், அதிலிருந்து பணம் வந்த உங்கள் கணக்கையும் சைபர் கிரைம் போலீஸ் முடக்கக்கூடும். சம்பளம் வரும் கணக்கு அதுவானால் அந்த மாதம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அக்கா மகனுக்கு ஒரு தளத்தில் 3,000 ரூபாய் ஜெயித்தது திரையில் அப்படியே நிற்கிறது. எடுக்கப் போனால் சரிபார்ப்பு, மறுபடி சரிபார்ப்பு. முறையிட வாசல் இல்லை. மோசடி என்றால் 1930க்கு அழைக்கலாம், ஆட்டத்தை விட முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். இரண்டையும் அவன் போனில் நானே பதிந்து கொடுத்தேன்.

அவனிடம் இவ்வளவையும் வாயால் சொல்லிப் பயனில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்தேன். சாக்கட்டியால் ஆறு கட்டம். கடையில் வாங்கிய மூன்று தாயக்கட்டை, ஒன்று முதல் ஆறு வரை புள்ளி வைத்தவை. ஒரு சொளவு நிறையப் புளியங்கொட்டை. ஆறு கட்டத்துக்கும் அவனே ஒவ்வொரு கொட்டை வைப்பான், நான் கடைக்காரன், நூறு தடவை உருட்டுவது என்று பேச்சு. அக்கா வந்து பார்த்துவிட்டு, "தாய்மாமனும் மருமகனும் நல்லாத்தான் இருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

முதல் பத்து உருட்டில் அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஜோடி விழுந்தபோது "ரெண்டு மடங்கு எடும்" என்று கை நீட்டினான், கொடுத்தேன். நாற்பது தாண்டியதும் என் பக்கத்துக் குவியலையே பார்க்க ஆரம்பித்தான். அறுபதில், ஜோடி விழுந்ததும் கை நீட்டாமல் மற்ற கட்டங்களிலிருந்து நான் எத்தனை எடுக்கிறேன் என்று விரலால் எண்ணினான். நூறு முடிந்து என் கொட்டைகளை எண்ணச் சொன்னேன். 44. கணக்குப்படி 47 வர வேண்டியது.

"நீரு ஒண்ணும் பண்ணலியே மாமா" என்றான். பிறகு கட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இப்ப நான் கடை, நீரு வையும்" என்றான். வைத்தேன்.